வில்மா திரும்பிப் பார்த்தாள்

வில்மாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் எங்கள் பள்ளத்தாக்கில் கிடையாது. கோட்டைப் படியில் மூச்சு வாங்கி உட்காரும் டூரிஸ்டைப் பார்த்து, "முற்றுகை போட வந்தவன்கூட இங்க உக்காரல, எந்திரிங்க" என்பாள். அதையும் ஜெர்மன் மொழியில், சிரிக்காமல் சொல்வாள். அவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார்கள். நான் கெய்சா, அவளுடைய வேன் டிரைவர். என்னை அவள் திட்டாத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

அவள் படித்துப் பட்டம் வாங்கி வந்த கைடு இல்லை. டவுனில் இருந்த சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள். அதை இழுத்து மூடியபோது, கூட வேலை பார்த்த பெண்களெல்லாம் எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்கு வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார்கள். இவளும் போனாள். வியன்னாவில் ஒரு சீமாட்டியிடம் திட்டு வாங்கியே ஜெர்மன் கற்றுக்கொண்டாள். புருஷனையும் பிள்ளையையும் விட்டு இருக்க முடியாமல் ஓடி வந்துவிட்டாள். அந்த ஜெர்மனை வைத்துத்தான் இந்தப் பிழைப்பு. காலையில் கோட்டை, மதியம் சாப்பாடு, அப்புறம் கறுத்த மரச் சுவர்களில் சுண்ணாம்பால் கோலம் போட்டிருக்கும் கிராமம், இருட்டுவதற்குள் ஹோட்டல்.

அந்தக் கிராமத்தில் ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்னால் வரும் ஞாயிறு மட்டும் வேறு மாதிரி. சாவு ஞாயிறு என்போம். வைக்கோலில் ஒரு பெண் பொம்மை செய்து, பாவாடை சட்டை மாட்டி, கழியில் தூக்கிக்கொண்டு பாடியபடியே ஆற்றங்கரைக்குப் போவார்கள். கொளுத்தித் தண்ணீரில் எறிவார்கள். அவள் பெயர் மொரேனா. குளிர்காலமும் அவள்தான், சாவும் அவள்தான். எறிந்த கையோடு எல்லாரும் ஊரைப் பார்த்து நடக்க வேண்டும், ஒருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அடுத்த சாவு ஞாயிறுக்குள் பார்த்தவரையோ, பார்த்தவர் வீட்டில் ஒருவரையோ அவள் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். விடலைப் பசங்களுக்கு இது ஒரு கொண்டாட்டம். "ஐயோ, விழுந்துட்டேன், காப்பாத்துங்க" என்று பின்னாலிருந்து அலறுவார்கள், முன்னால் போகும் பெண்களைத் திரும்ப வைப்பதற்கு. ஒருத்தியும் திரும்ப மாட்டாள்.

வில்மா ஒரு முறை திரும்பியிருக்கிறாள். வேலைக்கு வந்த புதிது. யாரோ ஒரு டூரிஸ்ட் பெண் கையுறையைக் கீழே போட்டுவிட்டுக் கூப்பிட்டாள், இவள் திரும்பிவிட்டாள். அந்த வருடம் உருளைக்கிழங்கு தோண்டும் சமயத்தில் அவள் புருஷன் வெந்தெலின் மேல் மரம் சாய்ந்தது. அவன் காட்டில் மரம் வெட்டுகிறவன்.

"மரம் வெட்டுறவன் மேல மரம் விழும். டிரைவர் மேல லாரி ஏறும். இதுக்கு எதுக்கு மொரேனா?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"உன் மேல ஏறட்டும், அப்ப வந்து பேசு" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவளுக்கு மிஞ்சியது ஒரே மகன் மெதோத். அப்பனை உரித்து வைத்தவன். அதே காட்டில், அதே வேலைக்கு, அதே அப்பனின் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போனான். அவனை வேறு வேலைக்கு அனுப்ப அவள் போட்ட சண்டையெல்லாம் வீண். அதனால் ஒவ்வொரு சாவு ஞாயிறும் அவள் கழுத்தில் கட்டை வைத்துக் கட்டியவள் போல நடப்பாள். டூரிஸ்டுகளிடம் மட்டும் வேடிக்கைக் கதை மாதிரி சொல்லிச் சிரிக்க வைப்பாள். எங்கள் முதலாளி அதை விளம்பரத் தாளிலேயே போட்டுவிட்டார். திரும்பிப் பார்க்க உங்களுக்குத் துணிச்சல் உண்டா என்று கொட்டை எழுத்தில். அவரைப் பிடித்து நான்கு அறை விட வேண்டும் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

நான் சொல்ல வந்த வருடம் பனி ஒரேயடியாக உருகியது. காலையில் கோட்டைக்கு ஏறும்போதே கீழே ஆற்றின் சத்தம் கேட்டது. வழக்கமாக அந்த உயரத்துக்குக் கேட்காது. மேலே கோபுரத்தில் எப்போதும் கத்திக்கொண்டிருக்கும் காக்கைகள் ஒன்றுகூட இல்லை. வாயிற்காப்பாளர் சாவியைத் திருப்பிக்கொண்டே, "கீழ ஆத்தோர வேலி அடிச்சிட்டுப் போயிடுச்சு, வில்மா. தண்ணி நிறம் சரியில்ல. இன்னைக்கு அந்தப் பொம்மைய அடுப்புல போட்டு எரிச்சா போதாதா?" என்றார்.

"நான் என்ன ஊர்த் தலைவியா? பெட்ரொனேலாகிட்ட சொல்லுங்க" என்றாள் வில்மா. பெட்ரொனேலா அந்தக் கிராமத்தில் பாட்டையும் பொம்மையையும் கவனிக்கிறவள்.

அன்றைக்கு அவள் படியில் யாரையும் அதட்டவில்லை. உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். மதியம் ஆட்டுப்பால் சீஸ் போட்டுப் பிசைந்த ஹலுஷ்கியை, அந்த உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளை, தட்டில் குத்திக்கொண்டே இருந்தாள், ஒரு வாய் சாப்பிடவில்லை. எனக்கு அவளை அப்படிப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"நீ வேன்லயே உக்காந்துக்கோ. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"உன் ஜெர்மனுக்கு அவங்க ஆத்துல குதிச்சிடுவாங்க" என்றாள். சிரிப்பு வரவில்லை, அவளுக்கும்.

கிராமத்தில் பொம்மை தயாராக நின்றது. முகத்துக்கு வெள்ளைத் துணி, கண் வாய் எதுவும் வரையவில்லை. காற்றில் அதன் கை ஆடிக்கொண்டிருந்தது. பெண்கள் பாட ஆரம்பித்ததும் டூரிஸ்டுகள் போன்களைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். அதில் ஹாலந்துக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியார், காலையிலிருந்து எதையும் நம்பாமல் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தவர்.

நான் வேனைச் சாலையோரம், கூட்டம் திரும்பி வரும் பாதையைப் பார்த்து நிறுத்தி, வெளியே நின்றேன். ஆறு எனக்குத் தெரியாது, நடுவில் வில்லோ புதர்கள் மறைத்தன. புகை மட்டும் எழுந்தது, அணைந்தது, மறுபடி எழுந்தது. வைக்கோல் ஈரம், பிடிக்கவில்லை போல. பாட்டு நடுவில் நின்று போனது. அப்புறம் பெட்ரொனேலாவின் குரல் உரக்கக் கேட்டது, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எறிந்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

கூட்டம் என்னை நோக்கி வந்தது. முன்னால் பெண்கள், நடுவில் டூரிஸ்டுகளோடு வில்மா, கடைசியில் பசங்கள். எல்லாருடைய முகமும் நேராக என்னைப் பார்த்து இருந்தது. அப்போதுதான் அந்த அலறல் வந்தது.

பெண்கள் சிரித்தார்கள். "ஆரம்பிச்சுட்டானுங்க" என்றாள் ஒருத்தி. "இந்த வருஷம் நல்லாத்தான் கத்துறான்" என்றாள் இன்னொருத்தி. கடைசியில் வந்த பசங்களும் சிரித்தார்கள், தங்களில் எவனோ ஒருத்தன் புதருக்குள் ஒளிந்து கத்துகிறான் என்று நினைத்து. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அலறல் மறுபடி வந்தது. எந்த மொழி என்று எனக்கு விளங்கவில்லை.

வில்மா நின்றுவிட்டாள். அவள் கண்கள் டூரிஸ்டுகள் மேல் ஓடின. ஒருவர் குறைகிறார் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் போனவர்கள் அவளை இடித்துக்கொண்டு பாடியபடியே கடந்து போனார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு தூரத்திலும் அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. நீ ஓடிப் போய்ப் பார், நான் திரும்ப வேண்டாம் என்று கெஞ்சுகிற பார்வை. நான் ஓட ஆரம்பித்துவிட்டேன். ஆனால் நான் சாலையில், அவள் கரைக்குப் பாதி வழியில். நான் போய்ச் சேர்வதற்குள் ஆற்றில் விழுந்தவன் அடுத்த கிராமத்துக்குப் போய்விடுவான். அது அவளுக்கும் தெரியும்.

"ஆண்டவரே, அவன் மட்டும் வேண்டாம்" என்று கத்திவிட்டுத் திரும்பினாள். திரும்பிய வேகத்திலேயே ஓடினாள்.

நான் போனபோது அவள் இடுப்பளவு தண்ணீரில், ஒரு கையால் வில்லோ வேரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஹாலந்துக்காரரின் கோட்டுக் காலரைப் பிடித்திருந்தாள். மூன்று பேருமாக எப்படிக் கரை ஏறினோமோ. நடந்தது என்னவென்றால், மனிதர் வேண்டுமென்றே திரும்பிப் பார்த்திருக்கிறார். எறிந்த பொம்மை போகாமல் வேரில் மாட்டிக்கொண்டு, முகத்தைக் கரைப் பக்கம் வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. உதவி செய்வதாக நினைத்துக் குச்சியால் தள்ளப் போய் வழுக்கிவிட்டார். போர்வைக்குள் பல் தந்தியடிக்க உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஊர்க்காரர்கள் வில்மாவுக்குப் போரோவிச்கா சாராயம் ஊற்றிக் கொடுத்தார்கள், கை பிடித்துக் குலுக்கினார்கள். ஆனால் யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. பெட்ரொனேலாவின் மகள் மட்டும் வந்து, "அத்தை, நீங்க திரும்பித்தானே பாத்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். பெட்ரொனேலா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வண்டியில் நான் சொன்னேன்: "அந்த ஆளும்தான் பாத்தாரு. மொதல்ல பாத்தது அவருதான். அவரை எடுத்துக்கட்டும்."

"அவருக்கு இது ஊர் இல்ல, கெய்சா" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் காட்டுச் சாலையில் போய் நின்றாள். மெதோத்தின் ட்ரக் வரும்போது நடுவில் நின்றுகொள்வாள். கூட இருக்கிற ஆட்கள் ஹாரன் அடிப்பார்கள், கேலி பேசுவார்கள். அவன் இறங்கி வந்து கத்துவான். "அம்மா, என் மானத்த வாங்காதே. நான் பச்சப்புள்ளையா?" இவள் நகர மாட்டாள். ஒரு வாரம் பொறுத்தான். பிறகு அவமானம் தாங்காமல், அடுத்த சாவு ஞாயிறு வரை என்று சொல்லி, கார் தொழிற்சாலையில் கதவு மாட்டும் வேலைக்குப் போனான்.

பாவம் பையன். மரத்தின் மேல் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து வளர்ந்தவன், நாள் முழுக்க விளக்கு வெளிச்சத்தில் ஒரே திருகாணியைத் திருகினான். "அங்க ஜன்னலே இல்ல மாமா" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னான். வீட்டில் அம்மாவோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டான். அவளோ அவன் ஏணி ஏறினால் ஏணியைப் பிடித்தாள், கார் எடுத்தால் டயரைத் தொட்டுப் பார்த்தாள். அவன் இருமினால் இவள் தூங்க மாட்டாள். கோடை போயிற்று. உருளைக்கிழங்கு தோண்டும் மாதத்தில் அவள் வேலைக்கே வரவில்லை, வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டாள். மெலிந்துகொண்டே வந்தாள். கவலை தின்கிறது என்று நினைத்தோம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஹாலந்துக்காரரைத் திரும்ப ஆற்றில் தள்ளியிருப்பேன். அவர் கிறிஸ்துமஸுக்கு சாக்லேட் அனுப்பியிருந்தார்.

பனிக்காலத்தின் நடுவில், வயிறு வலிக்கிறது என்று ஒருநாள் ரொட்டியை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மகனிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். சோதனையெல்லாம் முடிந்து முடிவு சொன்ன நாளில் நான் வேனிலேயே காத்திருந்தேன். அவள் வெளியே வந்து, கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டாள். முகம் தெளிந்திருந்தது. பல மாதமாக அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. ஒன்றும் இல்லையாக்கும் என்று எனக்கு உயிர் வந்தது.

"கணையமாம். ஈஸ்டர் வரைக்கும் இழுத்தா அதிகம்ங்கிறாரு டாக்டர்" என்றாள்.

நான் வண்டியைக் கிளப்பாமல் அவள் முகத்தையே பார்த்தேன்.

"புரியலையா உனக்கு? மொரேனா என்னைத்தான் கேட்டிருக்கா, கெய்சா. அவனை இல்ல" என்றாள். "வண்டிய எடு. அவன் ஷிஃப்ட் முடிஞ்சு வந்திருப்பான்."

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். எதிரே வந்த பஸ்காரனைத் திட்டினாள், என் கியர் மாற்றும் லட்சணத்தைத் திட்டினாள். நான் சாலையைப் பார்த்து ஓட்ட முடியாமல் ஓட்டினேன். எனக்கு அழுகையாக வந்தது, அவளுக்கு வரவில்லை.

மெதோத் சமையலறையில் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். வில்மா கோட்டோடு உள்ளே போய், "போதும்டா உன் கார்க் கதவு. திங்கக்கிழமையே காட்டுக்குப் போ" என்றாள்.

அவன் நம்பவில்லை. "சாவு ஞாயிறு இன்னும் வரலையே. மாமா, இவங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. உன் உம்முன்னு இருக்கிற மூஞ்சியப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு. போறியா, இல்ல மனசு மாத்திக்கவா?"

அவன் நாற்காலி சாயும்படி எழுந்து வந்து, சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு, அவளை இடுப்போடு சேர்த்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். சுற்றியவன் அப்படியே நின்றான்.

"என்னம்மா, இவ்வளவு லேசா இருக்க?"

"கோட்டைப் படி ஏறி இறங்குறவ வேற எப்படிடா இருப்பா? கீழ இறக்கு" என்றாள் வில்மா.

அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்றுச் சுற்றினான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வண்டியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.