நானூறாம் பக்கத்துக்குப் பிறகு

போன வருடம் சித்திரை மாதத்தில் நடந்தது இது. சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் இருக்கிறேன். வேலையும் பக்கத்து ரயில்வே அலுவலகத்தில்தான். சேலம், நாமக்கல் பக்கத்து வாசகர்கள் அறுபது எழுபது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் யாராவது ஒருவர், ‘இந்த வாரம் என்ன வாசிக்கிறீர்கள்?’ என்று கேட்பார். அவ்வளவுதான், மத்தியானம் வரை ஃபோன் ஓயாது. ஒருவர் அட்டைப்படம் போடுவார், ஒருவர் பிடித்த பக்கத்தை வாசித்துக் குரல் பதிவாக அனுப்புவார். கறிக்குழம்பு கொதிக்கிற வாசனையோடு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு ஒரு தனி சுகம்.

அந்தக் குழுவில் எனக்குக் கொஞ்சம் பெரிய மனுஷத் தோரணை உண்டு. வாரத்துக்கு ஒரு புத்தகம் முடிப்பவர் என்று பெயர் எடுத்திருந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒரு புத்தகம் வாங்கினேன், அது நிஜம். முடித்ததில்தான் பாதிக்கு மேல் கப்ஸா. முதல் நூறு பக்கம் படிப்பேன், பின்னட்டையைப் படிப்பேன், நடுவில் அங்கங்கே புரட்டுவேன். அப்புறம் உருக்கமாக நாலு வரி எழுதிப் போட்டுவிடுவேன். ஒருத்தரும் குறுக்கே கேட்டதில்லை.

அப்படித்தான் நானூற்றுப் பதினாறு பக்கத்தில் ஒரு தடித்த நாவல் வாங்கினேன். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வந்த ஒருத்தி, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சோடாக்கடை வைத்துப் பிழைக்கிற கதை. நல்ல கதைதான். ஆனாலும் நூற்று முப்பதாம் பக்கத்தோடு அதை மேசை மேல் வைத்தேன், வைத்தது வைத்ததுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை, ‘கடைசி அத்தியாயம் முடிந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது’ என்று எழுதினேன். இதயக்குறிகள் வந்து குவிந்தன.

அதைப் பார்த்துவிட்டு ஜேடர்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை புத்தகத்தை இரவல் கேட்டார். குழுவில் சேர்ந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. தோட்டத்து வேலை, எருமை, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் என்று ஓயாத பாடு; அதற்கு நடுவிலும் ஒரு ஞாயிறு விடாமல் எழுதுவார். தை மாதம் அம்மாபேட்டையில் அக்கா வீட்டுக்கு வந்தவர், அப்படியே சூரமங்கலம் வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் வாராவாரம் அவர் எழுதியது அந்த ஒரு நாவலைப் பற்றித்தான். ஒரு வாரம் அறுபதாம் பக்கம், அடுத்த வாரம் தொண்ணூறு. சிலர் ஆமை என்று கேலி செய்தார்கள். நானும் சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டேன். பிறகுதான் அவர் காரணத்தைச் சொன்னார். அவர் கணவர் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். கார்த்திகையில் கிளம்பினால் மத்தியப் பிரதேசம், அது இது என்று சுற்றிவிட்டு மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்புவார். தினமும் காலையில் எருமையைக் கறந்து முடித்ததும் இந்தத் தங்கை பத்து நிமிடம் நாவலைச் சத்தமாக வாசித்து அவருக்கு அனுப்புவார். மத்தியானம் வண்டியை நிறுத்திவிட்டுச் சோறு சாப்பிடும்போது அவர் அதைப் போட்டுக் கேட்பார். முதலில் அவர் மட்டும் கேட்டது, போகப் போக வண்டியில் இருக்கிற எட்டு ஆட்களும் சுற்றி உட்கார்ந்து கேட்பதாக ஆகிவிட்டதாம். சோடாக்கடைக்காரி புருஷனோடு போவாளா மாட்டாளா என்று அங்கே இரண்டு கட்சி. சாயங்காலம் அவர் கூப்பிட்டால் வீட்டு விஷயம் இரண்டு நிமிடம், கதை விஷயம் இருபது நிமிடம்.

“முன்னெல்லாம் ‘சாப்ட்டியா, பாப்பா பள்ளிக்கூடம் போனாளா’ன்னு கேட்டுப்போட்டு வெச்சுருவாருங்கண்ணா. இப்பத்தான் நாங்க பேசறதே” என்றார் ஒருநாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. நான் கொடுத்த புத்தகமாயிற்றே என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

சித்திரையில் ஒரு சாயங்காலம் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்தத் தங்கை கூப்பிட்டார்.

“ஏனுங்கண்ணா, இந்தப் புஸ்தகத்துல கடேசிப் பக்கமே இல்லீங்களே! நானூறத் திருப்புனா மறுக்காவும் முந்நூத்து எம்பத்தஞ்சுல இருந்து வருதுங்க.”

பைண்டிங்கில் கோளாறு. கடைசிப் பதினாறு பக்கம் கொண்ட ஃபாரத்தை வைக்க வேண்டிய இடத்தில், அதற்கு முந்தின ஃபாரத்தையே இரண்டாம் தடவை வைத்துத் தைத்துவிட்டார்கள். எப்போதாவது இப்படி நடப்பதுதான். ஆனால் எனக்கு முதுகில் வேர்த்தது பஸ் நெரிசலால் இல்லை.

“சரி உடுங்கண்ணா, நான் குரூப்புல கேக்கறனுங்க. ஆருகிட்டயாவது இன்னொண்ணு இருக்குமுங்க” என்றார்.

குழுவில் கேட்டால் என்ன ஆகும்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவரின் புத்தகத்தில் கடைசி அத்தியாயமே இல்லை என்று ஊருக்கெல்லாம் தெரியும். “குரூப்பில் எல்லாம் எதற்கும்மா? நானே சொல்கிறேன்” என்று அவசரமாகச் சொன்னேன். புத்தகம் வாங்கும்போது ஒழுங்காகத்தான் இருந்தது, அப்புறம் கவனிக்கவில்லை என்று என்னவோ உளறினேன். முடிவு என்னவென்று கேட்டார். கண்ணாடி துடைத்தேன் என்று எழுதியாகிவிட்டது. அதற்கு ஏற்ற மாதிரி ஒரு முடிவு வேண்டுமே! புருஷன் மனசு மாறிப் பஸ் ஏறி வருகிறான், அவன் வந்து சேர்வதற்குள் அவள் காய்ச்சலில் இறந்துவிடுகிறாள் என்றேன். எனக்கு நிறுத்தம் வந்துவிட்டது.

“அட சாமீ” என்றார் மெதுவாக. “செரீங்கண்ணா, நான் வாயாலயே சொல்லி அனுப்பிக்கறனுங்க.”

தப்பித்தோம் என்றுதான் இறங்கினேன். வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், அதில் இது ஒன்று, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு குழுவில் வழக்கமான கேள்வி வந்தது. எல்லாரும் எழுதினார்கள். அந்தத் தங்கை மட்டும், ‘இந்த வாரம் ஒன்றும் வாசிக்கவில்லை’ என்று ஒரே வரி போட்டிருந்தார். சும்மா கடந்து போயிருக்கலாம். மனசு கேட்காமல் கூப்பிட்டேன்.

“அவரு கதையே வேண்டாமுன்னு சொல்லிப்போட்டாருங்கண்ணா” என்றார். “மூணு மாசமாக் கேட்டது இதுக்குத்தானான்னு கேக்கறாரு. ‘நாங்களும் இப்புடித்தான் தூரந்தொலைவுல கெடக்கறோம், இங்கிருந்து கெளம்பி வர்றதுக்குள்ள என்ன ஆகுமோன்னு நெனப்பு வந்துருது, இனிமே படிச்சு அனுப்பாத’ன்னு சொல்லிப்போட்டாருங்க. பழையபடி ரெண்டு நிமிசந்தான் பேசறாரு. நானும் என்னத்தப் பேசறதுன்னு தெரியாம வெச்சுர்றனுங்க.”

ஃபோனிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சொல்வதென்றால் நிஜமான முடிவோடு சொல்ல வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். பழைய புத்தகக் கடைகளில் தேடினேன், இல்லை. கடைசியில் ஒரு கிளை நூலகத்தில், கீழ்த்தட்டில் தூசியோடு இருந்தது. அலமாரிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து நானூற்று ஒன்றாம் பக்கத்தைத் திருப்பினேன்.

அவள் சாகவில்லை. காய்ச்சல்கூட வரவில்லை. புருஷன் வருகிறான், என்ன பேசுவது என்று தெரியாமல் வாடிக்கைக்காரன் மாதிரி ஒரு சோடா கேட்டுக் குடித்துவிட்டுப் போகிறான். மறுநாளும் வருகிறான், அதற்கு மறுநாளும் வருகிறான். நாலாம் நாள் அவள் கடை வாசலில் ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டு வைக்கிறாள். அவ்வளவுதான் முடிவு. மூன்று மாதம் காத்திருந்த எட்டுப் பேருக்குப் போய்ச் சேர வேண்டியது அந்த ஸ்டூல். நான் ஒரு பிணத்தை அனுப்பியிருந்தேன். வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

மறு ஞாயிறு காலையிலேயே நூலகப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு திருச்செங்கோடு பஸ் ஏறினேன். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து அந்தத் தங்கையின் வீட்டை அடையும்போது பத்து மணி இருக்கும். “வாங்கண்ணா, ஊடு தேடி வந்துருக்கறீங்க!” என்று முகமெல்லாம் சிரிப்பாக மோர் கொண்டுவந்து கொடுத்தார். மோரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நூற்று முப்பதாம் பக்கம், கண்ணாடி, பஸ்ஸில் கட்டிய கதை, ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் போய்விட்டது.

“தெரியலைன்னு சொல்லியிருந்தா, நானும் அவருகிட்டத் தெரியலைன்னு சொல்லியிருப்பனுங்க. ரெண்டு பேரும் என்ன ஆயிருக்கும், என்ன ஆயிருக்கும்னு இன்னும் பத்து நாளு பேசிட்டு இருந்துருப்போமுங்க.”

புத்தகத்தை எடுத்து நீட்டி, இதை வாசித்து அனுப்பிவிடுங்கள் என்றேன். அவர் வாங்கவில்லை.

“நான் படிச்சா நம்ப மாட்டாருங்க. மனசத் தேத்தறதுக்கு நானாக் கட்டிச் சொல்றேன்னு நெனப்பாரு. நீங்களே படிச்சு அனுப்புங்க.”

ஃபோனை என் முன்னால் வைத்துவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். முகம் தெரியாத எட்டுப் பேரிடம் நான் யார், என்ன செய்தேன் என்று முதலில் சொன்னேன். நாலு தடவை அழித்து அழித்துப் பேசினேன். அப்புறம் பதினாறு பக்கத்தையும் வாசித்தேன். நடுவில் எருமை கத்தியது, மகள் வந்து எட்டிப் பார்த்தாள், நான் நிறுத்தவில்லை.

அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தோம். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டார். கோபம் இருக்கும்போதும் சோறு போடுகிறவர்கள் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவது லேசான காரியமில்லை. ரசத்துக்கு வந்தபோது அவர் கணவரிடமிருந்து பதில் வந்தது. ஃபோனை நடுவில் வைத்துப் போட்டார். பின்னால் ஏகப்பட்ட குரல்கள், தட்டுச் சத்தம்.

“அண்ணா, வணக்கமுங்க. ஏனுங்கண்ணா, உசுரோட சோடாக்கடை நடத்தறவள இப்புடிக் கொன்னுப்போட்டீங்களே! இங்க எங்க சமையக்காரரு பத்து நாளா ஒழுங்கா உப்புப் போடலீங்க. செரி, பரவால்லீங்க, ஸ்டூலு போட்டாளே, அது போதுமுங்க. அடுத்த புஸ்தகத்த மட்டும் கடேசி வரைக்கும் படிச்சுப்போட்டுக் குடுங்கண்ணா.” பின்னால் சிரிப்புச் சத்தம் வெடித்தது.

கையில் சோற்றோடு நானும் சிரித்துவிட்டேன். அடுத்து இன்னொரு பதிவு வந்தது. அது மனைவிக்கு.

“புள்ள, அந்தக் கடேசிப் பக்கத்த நீயும் ஒருக்காப் படிச்சு அனுப்பு. அண்ணன் படிக்கறது ரயிலு லேட்டுன்னு சொல்றாப்புலயே இருக்குது. உன்ற கொரல்ல கேட்டாத்தான் கதை முடிஞ்ச மாதிரி இருக்கும்.”

அந்தத் தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றி, “நல்லாச் சாப்புடுங்கண்ணா” என்றார். அப்போதுதான் எனக்குப் போன உயிர் வந்தது.

அன்று சாயங்காலம் குழுவிலும் நடந்ததை எழுதினேன். சிலர் கேலி செய்தார்கள், சிலர் தாங்களும் அப்படித்தான் என்று தனியாக எழுதினார்கள். நானே கேட்டுக்கொண்ட தண்டனை மாதிரி, இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தின் பெயரோடு எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறேன் என்பதையும் எழுதுகிறேன். போன மாதம் முழுக்க ஒரே புத்தகம்தான். அது முடிந்ததும் ஜேடர்பாளையத்துக்கு அனுப்பி வைத்தேன். இப்போது குஜராத் பக்கத்தில் எங்கேயோ ஒரு ரிக் வண்டியில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதன் முடிவு தெரியும், ஆனால் அந்தத் தங்கை கூப்பிட்டு, “அவரு கேக்கறாருங்கண்ணா, கடேசில என்ன ஆகுதுங்க?” என்று ஆசை காட்டும்போதெல்லாம், நீங்களே வாசித்துச் சொல்லுங்கள் அம்மா என்று சொல்வதில் எனக்கு இருக்கிற நிம்மதி, ஒரு காலத்தில் வாங்கிக் குவித்த அத்தனை இதயக்குறிகளிலும் இருந்ததில்லை.