காத்தாயியைத் தேடிய ஷ்யாமளா

சாம்பார்க் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, "உங்க கொள்ளுத்தாத்தா பேர் என்ன?" என்று விருந்தாளியைக் கேட்கிறாள் ஷ்யாமளா. அவர் யோசித்துச் சொல்லும்வரை சாம்பாரும் காத்திருக்கும். தெரியாது என்றால், "அது எப்படிங்க தெரியாம இருக்கும்?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவாள். டெக்சஸில் கேட்டி என்ற ஊரில் இப்போதெல்லாம் அவள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்கள் முன்கூட்டியே ஊருக்கு ஃபோன் போட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

வயது ஐம்பத்திரண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. கூரையை உடைத்தது ஆலங்கட்டி மழையா, வீட்டுக்காரரின் சுத்தியலா என்று கண்டுபிடிக்கும் பிரிவு. அதிலேயே இருபது வருடம் ஓடிவிட்டதால், "ப்ரூஃப் இருக்கா?" என்பது வாயில் ஒட்டிக்கொண்டது. கணவர் தலைவலி என்றாலும் அதே கேள்விதான்.

கணவர் சேனாபதி துறையூர்ப் பக்கத்துக்காரர். தமிழ்ச் சங்கத்தில் மைக் கையில் கிடைத்தால் விடமாட்டார். "எங்க கொள்ளுத்தாத்தாவோட அம்மா அந்தக் காலத்துலயே கப்பல்ல போனவங்க. எங்களுது அப்பவே ஃபாரின் போன ஃபேமிலி!" எந்த ஊருக்குப் போனார், ஏன் திரும்பவில்லை என்று கேட்டால் தண்ணீர் குடிப்பார். ஷ்யாமளாவுக்கு அது போதாதா?

மூன்று வருடம் சென்னைக்கும் லண்டனுக்கும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தாள். கடைசியில், ஸ்கேன் செய்த பழைய கைதிகள் பதிவேட்டில் ஒரு பக்கம் அகப்பட்டது. கப்பலில் போன அந்த அம்மாதான்: காத்தாயி, வயது இருபத்துநான்கு. தன் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போன மணியக்காரரின் வைக்கோல்போருக்குத் தீ வைத்தவள். தீ அவர் வீட்டையும் பிடித்துக்கொண்டது. ஆயுள் தண்டனை. 1871இல் அந்தமானுக்குக் கப்பல். இரண்டு வயது மகன் தாய்மாமன் பொறுப்பில். நடத்தை: ஓயாத பேச்சு.

"ஃபாரின் போனது கரெக்ட்தான்" என்றாள் ஷ்யாமளா. "கவர்மென்ட்டே டிக்கெட் எடுத்துக் குடுத்திருக்கு."

சேனாபதி சிரிக்கவில்லை. "யார்கிட்டயும் சொல்லித் தொலைச்சிடாத. மானம் போயிடும்." இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கோ வேறு கவலை. இடுப்புப் பிள்ளையை விட்டுவிட்டுக் கப்பலேறிய அந்தப் பெண் அங்கே என்ன ஆனாள்? பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. கொலஸ்ட்ரால் டெஸ்ட் என்று பொய் சொல்லி, சேனாபதியை ஒரு குழாயில் துப்பவைத்து, வம்சம் பார்த்துச் சொல்லும் கம்பெனிக்கு அனுப்பினாள். ஆறு வாரத்தில் பதில் வந்தது: டாலஸில் ரேணுகா லால் என்று ஒரு நர்ஸ், தூரத்துச் சொந்தம், பிறந்த ஊர் போர்ட் பிளேர். மீதியை ரேணுகாவே ஃபோனில் சொன்னார். காத்தாயி அங்கே ஒரு பீகார்க் கைதியைக் கட்டிக்கொண்டாள்; ஒரு மகள்; பேரன் பேத்தி எடுத்துத்தான் கண்ணை மூடினாள். அந்த மகள் வழியில் வந்தவர்தான் ரேணுகா.

போன மாதம் அவர் கேட்டிக்கே வந்துவிட்டார். அறுபது வயது, இந்தியும் இங்கிலீஷும்தான் தெரியும். சேனாபதி சோபா ஓரத்தில் உட்கார்ந்து ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஃபேமிலியில ஒரே ஒரு தமிழ் வாக்கியம் மிஞ்சியிருக்கு" என்றார் ரேணுகா இங்கிலீஷில். காத்தாயி சொல்லிக்கொடுத்த ஆசீர்வாதமாம். எந்தக் குழந்தை பிறந்தாலும் தலையில் கை வைத்துச் சொல்வார்களாம். கண்ணை மூடி, பக்தியோடு சொல்லிக் காட்டினார்:

"கட்டையில போறவனே!"

சோபா குலுங்கியது. "எங்கப்பா! எங்கப்பா என்னைய டெய்லி இப்படித்தான் எழுப்புவாரு!" சேனாபதி சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "ஷ்யாமளா, அந்த மணியக்காரன் வீடு முழுசா எரிஞ்சுதா?" என்றார்.

"முழுசாத்தான். ரெக்கார்டுல இருக்கு."

அவர் முகத்தில் ஒரு திருப்தி. ரேணுகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நீண்ட ஆயுள் என்றுதானே அதற்கு அர்த்தம் என்று கேட்டார்.

"கிட்டத்தட்ட" என்றாள் ஷ்யாமளா.

ரேணுகா கிளம்பும்போது ஷ்யாமளா வத்தக்குழம்பு கட்டினாள். வெளியாருக்கு என்றால் காலி தயிர் டப்பாவில்தான் கொடுப்பது. திரும்பி வராவிட்டாலும் பாதகமில்லை. அன்று டப்பாக்களை ஒதுக்கிவிட்டு, மாமியார் பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கை அலமாரியின் உள்ளேயிருந்து எடுத்துக் கழுவினாள். குழம்பை ஊற்றி மூடி, ரேணுகாவின் காரில் முன்சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டாள்.