காவல் லாஞ்சின் முன்னே நின்றவர்

உழவர்கரையில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் தனம், அன்று காலை வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "லாஞ்சு கலியமூர்த்தி பூட்டாரு வசந்தாக்கா. விடியக்காலயிலயாம்" என்றாள். நான், "சங்கரா இன்னிக்குப் புடிச்சதா, ஐசுல வெச்சதா?" என்று கேட்டேன். தனம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ பேரின் சாவை அவரவர் வீட்டாரிடம் நானே சொல்லியிருக்கிறேன். எனக்கென்று ஒருத்தி வந்து சொன்னபோது மட்டும் அது காதில் ஏறவில்லை. மீனைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அது உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் ஊரான கனகசெட்டிக்குளத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. துறைமுகத்தில் அவரோடு லாஞ்சு ஓட்டியவர்களும் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கு அவர் வம்பு தும்புக்குப் போகாத மனிதர்; மாசி மகத்துக்கு மோர்ப் பந்தல் போடுகிறவர்; நர்ஸுக்கும் டீக்கடைக்காரருக்கும் ஒரே மாதிரி "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்கிறவர். எழுபத்தொன்றில் நடந்த யுத்தத்தில் காவல் படகில் நின்றவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. எனக்கு அவர் இன்னொன்றும்கூட. அவர் நின்ற படகு மோதித்தான் என் அப்பா ஏழுமலை செத்துப்போனார். அப்படிப்பட்டவருக்கு நான் எதற்கு அஞ்சலி எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கே முழுதாகத் தெரியவில்லை.

யுத்தம் வந்தபோது நான் ஒன்றாம் வகுப்பு. துறைமுகத்தில் சரக்குப் படகுகளை இழுத்துக்கொண்டிருந்த சின்ன லாஞ்சு ஒன்றுக்குச் சாம்பல் நிறம் அடித்துக் கரையோரக் காவலுக்கு விட்டார்கள். கடலைத் தெரிந்த ஆள் வேண்டுமென்று எங்கள் ஊரிலிருந்து கலியமூர்த்தியை எடுத்தார்கள். அப்போது அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை என்று அம்மா சொல்வாள். படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், நின்று எதிரே என்ன வருகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. பொழுது சாய்ந்தால் கடலில் யாரும் விளக்கு ஏற்றக்கூடாது என்று தமுக்கு அடித்திருந்தார்கள். எதிரிக் கப்பல் வெளிச்சத்தை வைத்துக் கரையைக் கண்டுபிடித்துவிடும் என்ற பயம். காவல் லாஞ்சும் இருட்டிலேயே ஓடியது.

ஒருநாள் அப்பாவின் வலை எதிலோ மாட்டிக்கொண்டது. மற்றவர்கள் கரைக்கு வந்துவிட்டார்கள்; வலையை எடுக்க நின்ற அவர் பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. மறுநாள் உடல் கரை ஒதுங்கியது. கட்டுமரம் துண்டு துண்டாக வந்தது. வீட்டிலிருந்து எடுத்துப்போன அரிக்கேன் விளக்கு மட்டும் வரவில்லை. ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. ஏழுமலை விளக்கைக் காட்டினான், யாருக்குக் காட்டினானோ, அதனால்தான் படகு அவனை அடித்தது என்று பேசினார்கள். எங்கள் வீட்டுக்கு 'விளக்கு வீடு' என்று பெயர் வந்தது. மீனவ ஊரில் ஒரு பட்டப்பெயர் ஒட்டினால் தோலை உரித்தாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்தால் பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஐயோ கூசுதுடீ" என்பார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால் அம்மாவும் அதை நம்பினாள். அப்பா எதிரிக்குக் காட்டினார் என்பதை அல்ல. வலையை எடுக்க அவசரப்பட்டு விளக்கு ஏற்றிவிட்டார் என்பதை. "ஏத்தாதன்னு தமுக்கு அடிச்சானே, காதுல பஞ்சா வெச்சிருந்த? என்னியும் புள்ளையையும் இப்புடி வுட்டுட்டுப் போனியே, பாவி மனுசா" என்று அப்பாவின் படத்தைப் பார்த்துத் திட்டுவாள். திவசத்தன்றுகூட இலை போட்டுவிட்டுத் திட்டுவாள். எனக்கு வேலை கிடைத்து உழவர்கரைக்கு வந்த பிறகும் அந்தத் திட்டு எங்களோடு கூடவே வந்தது.

கலியமூர்த்தி மட்டும் எங்களை விடவில்லை. கோலா மீன் காலத்தில் கோலா, இறால் கிடைத்தால் இறால் என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலோடு போய்விடுவார். உள்ளே வந்து உட்கார்ந்தது கிடையாது. வாசலில் நின்று, "அண்ணி! அண்ணீ!" என்று இரண்டு முறை கூப்பிடுவார். அம்மா எதிரிலேயே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாலும் இரண்டு முறைதான். துறைமுகத்தில் அவருக்கு 'ரெட்டைக் கொரலு' என்று பெயர் வைத்ததே நீங்கள்தானே. ஊர் முறையில் எனக்குச் சித்தப்பாவான அவரைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். "சித்தப்பா, எங்களுக்கு என்ன காது டமாரமா?" என்று கேட்டிருக்கிறேன். அவர் சிரிக்கமாட்டார்.

அவர் கண் ஆபரேஷனுக்காக எங்கள் மருத்துவமனைக்கு வந்திருந்தபோது அதன் காரணம் தெரிந்தது. ஒரு கண்ணில் கட்டு. நான் மருந்து கொண்டுபோனேன். "குந்தும்மா வசந்தா" என்றார். மதிய நேரம், வார்டு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே தருகிறேன்.

"இருட்டிக்கினு வர நேரம். முன்னால கருப்பா இன்னாவோ தெரிஞ்சிது. எங்களுக்கு ஒரு கொரலுதான் உத்தரவு. கத்திக்கினே போனா நாங்க இருக்கற எடம் தெரிஞ்சிடுமாம். 'யாரது?'ன்னு ஒரு தபா கொரலு குடுத்தேன். பதில் இல்ல. 'ஒண்ணும் இல்ல, கட்ட கிட்ட மெதக்குது, போ'ன்னு சுக்கான் புடிக்கறவன்கிட்ட சொல்லிட்டேன்."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பொழுது சாய்ந்தபின் கடலில் குரல் கேட்டால் எங்கள் ஆட்கள் முதல் குரலுக்கு வாய் திறக்கமாட்டார்கள். அது செத்தவர்களின் குரலாக இருக்கலாம், பதில் சொன்னால் கூடவே அழைத்துப் போய்விடும் என்று ஒரு பயம். மனிதன் என்றால் மறுபடியும் கூப்பிடுவான். அதற்குத்தான் பதில் கொடுப்பார்கள். அப்பா அந்த இரண்டாவது குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வந்தது படகு.

"நானும் அந்த ஊர்ல பொறந்தவன்தானே? மொதக் கொரலுக்கு எவனும் பேசமாட்டான்னு எனக்குத் தெரியாதா? உத்தரவு, உத்தரவுன்னு அதயே நெனச்சிக்கினு இத மறந்துட்டேன்" என்றார். மோதியபிறகு கடலில் குதித்துத் தேடியிருக்கிறார். தேடவும் விளக்குப் போடக் கூடாது. கையில் அகப்பட்டது கட்டுமரத்தின் ஒரு கட்டை, அதில் கட்டியிருந்த அரிக்கேன். "கோணிப்பையில சுத்தி வெச்சிருந்தாரும்மா, கண்ணாடி கூட மினுக்கக் கூடாதுன்னு. கட்டு அவுக்காம அப்புடியே இருந்திச்சி. பிரிச்சித் தொட்டுப் பாத்தேன். சில்லுன்னு இருந்திச்சி. ஏழுமலை அண்ணன் வெளக்கு ஏத்தல. ஏத்தியிருந்தா நான் பாத்திருப்பேன். ஏத்தியிருந்தா பொழச்சிருப்பாரு." அந்த விளக்கு எங்கே என்று கேட்டேன். "தப்பு என் மேல வந்துடும்னு பயந்துட்டேன். கை நழுவிடிச்சின்னு சொல்லிக்கலாம். நழுவல. வுட்டுட்டேன்."

அந்த மனிதரை அறைய வேண்டும்போல இருந்தது. கட்டுப் போட்ட கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. கண்ணில் ஈரம் படக்கூடாது என்று திட்டிக்கொண்டே துடைத்துவிட்டேன். பழக்கதோஷம். அன்று முதல் எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அம்மா அப்பாவைத் திட்டாமல் ஒருநாள் அவர் படத்தைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "அப்பன் மேல இருக்கற ஆசையில நீயா கட்டிக்கினு வந்த கத" என்றாள். நான் சத்தியம் செய்தேன். கடைசியில், "அவன நான் அடிக்கமாட்டேன், வையமாட்டேன். என் மூஞ்சப் பாத்து அவன் வாயால சொல்லட்டும், நம்புறேன்" என்றாள். சித்தப்பாவிடம் அதை அப்படியே போய்ச் சொன்னேன். "சொல்லிடறேம்மா. அண்ணிகிட்ட சொல்லாம நான் சாவமாட்டேன்" என்று என் கையில் அடித்தார்.

அந்த வருஷ மாசி மகத்துக்கு அம்மாவை வைத்திக்குப்பம் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். சாமிகளெல்லாம் கடலுக்கு வந்து நிற்கும் நாள். அன்றைக்கு ஒரு மனிதன் பொய் சொல்லவும் மாட்டான், உண்மையை மறைக்கவும் மாட்டான் என்று நினைத்தேன். அம்மா மணலில் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா பந்தலைவிட்டு எங்களை நோக்கி வந்தார். வேட்டியை இறக்கிவிட்டு அவள் முன்னால் குந்தினார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். "அண்ணி, மோர் குடிக்கிறியா?" என்றார். கொண்டுவந்து கொடுத்தார். அம்மா குடித்தாள். எழுந்து போய்விட்டார். பந்தலுக்குப் பின்னால் போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். "வாயில என்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்று எல்லோர் எதிரிலும் கத்தினேன். மோர் தீர்ந்துவிட்டதற்காக நான் சண்டை போடுவதாக அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள்.

அப்புறமும் வந்தார். மீன் வந்தது, "அண்ணி! அண்ணீ!" வந்தது, அந்த வார்த்தை வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எதையோ வாங்கிக்கொள்ளப் போகிறவள் மாதிரி வாசலுக்குப் போவாள். மீனோடு திரும்பி வருவாள். "பாத்தியா? நடந்திருந்தாதான சொல்லுவான்" என்பாள். அன்று ராத்திரி அப்பாவுக்குத் திட்டு இன்னும் கூடுதலாக விழும்.

அம்மா பக்கவாதம் வந்து படுத்துவிட்டாள். ஆளைத் தெரியவில்லை, பேச்சு புரியவில்லை. கேள்விப்பட்டு சித்தப்பா ஓடிவந்தார். அன்றுதான் முதன்முறையாக எங்கள் வீட்டுக்குள் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் சொன்னார். குரல் கொடுத்தது, குதித்தது, கோணிப்பை, விளக்கு, ஒன்றுவிடாமல். "ஏழுமலை அண்ணன் வெளக்கு ஏத்தல அண்ணி. உன் மூஞ்சப் பாத்து சொல்றேன். ஏத்தவே இல்ல." அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோணிப்போன வாயைச் சிரமப்பட்டு அசைத்து, "சாப்டியா?" என்றாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் எந்த வார்டிலும் பார்த்ததில்லை. அந்த மாதமே அம்மா போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவரும் மனிதராக இல்லை. மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அவர் மகன் போனில் சொல்வான். பார்க்கப் போனால், "சொல்லிட்டேன் இல்ல வசந்தா? அண்ணிக்குக் கேட்டிருக்கும் இல்ல?" என்பார். நான் செவிலி. அம்மா மூளையின் எந்தப் பக்கம் போயிருந்தது என்று எனக்குத் தெரியும். "கேட்டிருக்கும் சித்தப்பா" என்பேன். அவர் என்னை நம்பியதில்லை.

சாவுக்குப் போயிருந்தேன். அவர் மேல் தேசியக் கொடி ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். யுத்தத்தில் கரையைக் காத்தவர் என்று ஒருவர் மைக்கில் பேசினார். ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார். "தெரியல? வெளக்கு வீட்டுப் பொண்ணு" என்றார் பக்கத்தில் இருந்தவர். இத்தனைக்குப் பிறகும் அதேதான். எழுந்து, என் அப்பா விளக்கு ஏற்றவில்லை, இங்கே படுத்திருக்கிறவரே சொன்னார் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர் முகம் சுளித்தார். "இருக்கறப்ப சொல்லலியே அவரு? செத்த மனுசன் பேரக் கெடுக்காதம்மா, போய்க் குந்து" என்றார். சித்தப்பாவின் மகன் தலையைக் குனிந்துகொண்டான். மேளக்காரர்கள் மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

கலியமூர்த்தி சித்தப்பா கெட்டவர் இல்லை. வாழ்நாள் முழுக்க எங்கள் வாசலுக்கு வந்துகொண்டே இருந்த ஒரே மனிதர் அவர். அவரை நான் மன்னிக்கவும் இல்லை, வெறுக்கவும் முடியவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு பேச்சுதான். ஏழுமலை விளக்கு ஏற்றவில்லை என்பது. அது அம்மாவுக்குச் சேர வேண்டியது. என் அப்பா செய்யாத ஒன்றுக்காக அவர்மேல் கோபத்தோடேயே அவள் போய்விட்டாள். எனக்குப் பிள்ளைகள் கிடையாது, அதனால் உங்களிடம் கொடுக்கிறேன். நீங்களும் நம்பமாட்டீர்கள் என்று தெரியும்.