'போர்த்வித்' சொன்ன கிளாக்கர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி உடம்பு. பேச வாயெடுத்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். என் புருஷனை வேலையிலிருந்து நிறுத்திய துரை, நாங்கள் குடியிருந்த லயத்து அறையிலிருந்து எங்களை வெளியேற்ற அவரைத்தான் அனுப்பினார். வெளியே அடைமழை. பிறந்து வாரம்கூட ஆகாத பிள்ளை என் மடியில்.

"நீங்கள் 'போர்த்வித்' போகவேணுமாம்."

"அப்படின்னா என்னாங்கய்யா?"

"உடனே எண்டு அர்த்தம். ஆனா பழைய இங்கிலீசில 'கூடவே' எண்டுதான் இருந்தது. 'போர்த்' எண்டால் முன்னால. 'வித்' எண்டால்..."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். பதுளைக்குப் போகும் கடைசி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"உடனேங்கிறதச் சொல்ல இம்புட்டு நேரமாங்கய்யா?"

"அடடா, பஸ் போயிட்டுதே! இனி நாளைக்குத்தான். துரையிட்ட நான் சொல்லுறன்."

அந்தக் கண்ணாடியில் அப்படி என்ன அழுக்கு இருந்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.