சுருதிப் பெட்டிக்கு ஒரு குமிழ்

என் கணவருக்கு விமான நிலையத்தில் இரவு வேலை. காலை எட்டு மணிக்கு ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து படுத்தால் இரண்டு மணிக்குத்தான் எழுவார். எனக்குப் பாடிப் பழகக் கிடைப்பதும் அந்த நேரம்தான். நவராத்திரிக்குக் கோயிலில் முதன்முறையாகப் பாட அழைத்திருந்தார்கள். பத்து நாள்தான் பாக்கி. என் குரலை அடக்க எனக்குத் தெரியும். சுருதிப் பெட்டிதான் அடங்கவில்லை.

அதன் வால்யூம் குமிழ் கரகரத்ததால் அதன் அடியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டரை நானே மாற்றினேன். இருபது வருடம் தொழிற்சாலையில் சர்க்யூட் பலகை சோதித்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? பழையதில் மின்தடை அளவு 100K என்றிருந்தது, 100K வாங்கிப் போட்டேன். மயிரிழை திருப்பியதும் பெட்டி அலறியது. அவர் எழுந்து வந்து, "ஒண்ணு இந்த வீட்ல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். யானைக்கும் அடி சறுக்கும்தான், ஆனால் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

மறுநாள் அவர் குறட்டை விட்டதும் ஜாலான் புசார் கடைத்தெருவுக்கு ஓடினேன். உதிரிபாகக் கடைச் சீனப் பெண்மணி என் கதையைக் கேட்டதுமே சொல்லிவிட்டார்: அளவு சரி, ஏறும் விதம் தப்பு. நான் போட்டது லீனியர் வகை. திருப்பத் திருப்ப ஒரே சீராக ஏறும். காதுக்கோ அது எடுத்த எடுப்பிலேயே பெரும் பாய்ச்சல். ஒலிக்கு வேண்டியது லாக், அதாவது மடக்கை வகை. முதலில் தயங்கித் தயங்கி ஏறி, பிறகுதான் வேகம் பிடிக்கும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. நம்பாமல் மல்ட்டிமீட்டரைக் கேட்டு வாங்கி, இரண்டையும் பாதியில் நிறுத்தி அளந்தேன். லீனியரில் ஐம்பது கே. லாகில் வெறும் பதினான்கு! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தட்டில் இருந்த அத்தனையையும் அளந்துகொண்டே போனேன், கடைக்காரப் பெண்மணி ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

பன்னிரண்டுக்குள் வீடு திரும்பி, வாங்கி வந்த லாகை ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டேன். கால் சுற்று திருப்பியதும் சுருதி மெல்லக் கசிந்து வந்தது. படுக்கையறைக் கதவு திறந்தே கிடக்க, ஒரு மணி நேரம் பாடினேன்.

இரண்டு மணிக்கு அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏதோ தூக்கத்துல சொல்லிட்டேன். அதுக்காக இன்னைக்குப் பாடாமயே இருந்துட்டியா?"

"ஒரு மணி நேரம் பாடி முடிச்சிட்டேன் லா."

பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க, இன்னொரு தடவ பாடு" என்றார்.