அவள் நோன்பில் என் பாதி

என் சிநேகிதியைப் பற்றி முதலில் ஒரு குறையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். பத்து வயதாகும்வரை அவள் எங்கள் வீட்டில் ஒரு பிடி சோறு தின்றதில்லை. நான் அவள் வீட்டில் தின்றதற்கு அளவே இல்லை. பெருநாளைக்கு அவர்கள் வீட்டில் பாய் விரித்து, சஹன் என்கிற பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்த வட்டத்தில் எனக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. அவளுடைய நானா, அதாவது அண்ணன், தன் பக்கத்து இறைச்சியை நான் இழுத்துவிடுவேன் என்று கையால் மறைத்துக்கொண்டுதான் தின்பார். நான் இழுத்தும் இருக்கிறேன்.

எங்கள் வீட்டிலோ அவளுக்குத் தேத்தண்ணீர், பிஸ்கட், மிஞ்சினால் ஒரு வாழைப்பழம். எங்கள் சட்டிகளில் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, பன்றி இறைச்சி வேகும். கோழியை அப்பாவே அறுப்பார். அதனால் அவள் தின்ன முடியாது. அவளுடைய உம்மா இதைப்பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை, எனக்கும் காரணம் புரியாமல் இல்லை. புரிந்தாலும் கோபம் வரும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது எங்கள் ஊர் கண்டக்குழி முழுக்கத் தெரிந்த விஷயம்.

பள்ளிக்கூடத்தில் சமயப் பாடத்துக்கு மட்டும் எங்களைப் பிரிப்பார்கள். அவள் இஸ்லாம் வகுப்புக்குப் போவாள், நான் கத்தோலிக்க வகுப்புக்கு. மணி அடித்ததும் தண்ணீர்க் குழாயடியில் சேர்ந்து, யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். அவளுடைய சொர்க்கத்தில் பாலும் தேனும் ஆறாக ஓடின. என்னுடையதில் சிறகு முளைத்த சம்மனசுகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. இது எனக்குப் பெரிய மனக்குறையாக இருந்தது. சிஸ்டரிடம் கேட்டு முழங்காலில் நின்றதுதான் மிச்சம்.

இப்படியிருக்கும்போது எனக்கு முதல் நன்மை, அதாவது பூசையில் முதன்முதலாக நற்கருணை, வாங்கும் நாள் வந்தது. வெள்ளைச் சட்டை, தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி, பகலுக்கு வீட்டில் விருந்து. எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. விருந்தில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்ன வேண்டும். அது நடக்காவிட்டால் நன்மையும் வேண்டாம், வெள்ளைச் சட்டையும் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா வெளியே நின்று கத்தினாள். அப்பா, பாவம், வேறு வழியில்லாமல் வேலியைக் கடந்துபோய் அவளுடைய வாப்பாவிடம் கதைத்துவிட்டு வந்தார்.

இரண்டு தகப்பன்மாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அப்பா கற்பிட்டிக்குப் போய்ப் புதுச் சட்டி ஒன்றும் புது அகப்பை ஒன்றும் வாங்கிவந்தார். விருந்துக்கு முதல்நாள் பின்னேரம் வாப்பா எங்கள் முற்றத்துக்கு வந்து, அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி, எங்கள் சேவல்களை ஒவ்வொன்றாக அறுத்துக் கொடுத்தார். அம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஞானஸ்நானத்துக்குக் கூட இவளுக்கு இவ்வளவு பாடு படேல்ல. ஒருத்தி வந்து சோறு தின்ன இவ்வளவு கூத்து!"

சொன்னாளே தவிர, அந்தப் புதுச் சட்டியை யாரும் தொடாதபடி துணி கட்டி, கதிரைக்கு மேல் வைத்துக் காவல் காத்தவளும் அவள்தான்.

எல்லாம் சரி. ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. நன்மை கொடுக்கும் நாளைப் பங்குச் சுவாமி ஒரு கிழமை தள்ளிப்போட்டிருந்தார். தள்ளிப்போட்டதில் அது நோன்பு தொடங்கும் தறுவாயில் வந்து விழுந்துவிட்டது. அன்று இரவு பிறை தெரிந்தால் விடிந்தால் நோன்பு, அவள் பகலில் சாப்பிட முடியாது. தெரியாவிட்டால் நோன்பு ஒருநாள் தள்ளிப்போகும், விருந்து எங்களுக்கு. சேவல் அறுத்து முடிந்த பிறகுதான் வாப்பா இதை நினைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

இதில் அவளுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. அந்த வருஷம்தான் தலை நோன்பை, அதாவது முதலாம் நோன்பை, முழுதாகப் பிடிப்பேன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். நானா அவளைப் பார்க்கும் நேரமெல்லாம், "பகல் பன்னெண்டுக்கு இவ அடுப்படியிலதான் இரிப்பா" என்று நக்கலடிப்பார். பிடித்துக் காட்டாவிட்டால் வருஷம் முழுக்க அவருடைய வாயிலிருந்து தப்ப முடியாது.

பொழுது சாயும்போது இருவரும் கடற்கரைக்கு ஓடினோம். சோளகக் காற்று அடித்துக் கண்ணெல்லாம் மணல். தூரத்தில் வெள்ளைக்காரர்கள் காற்றாடியில் தொங்கிக்கொண்டு தண்ணீரில் வழுக்கினார்கள். பள்ளிவாசல் பக்கத்து ஆட்கள் மேற்கு வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள். நான் கையைக் கூப்பி, பிறைக்கு முன்னால் ஒரு பெரிய மேகத்தைக் கொண்டுவந்து நிறுத்தும்படி தலவிலக் கோயில் புனித அன்னம்மாளைக் கெஞ்சினேன்.

"நீயும் கேளுடி" என்றேன்.

"பிறை தெரியக் கூடாதெண்டு அல்லாஹ்ட்ட கேக்க ஏலுமா? பாவமாகும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ உன்ட ஆக்கள்ட்டயே கேளு. நல்லாக் கேளு" என்றாள்.

மேகம் வந்தது. அன்னம்மாள் என்னைக் கைவிடவில்லை. ஒருவர் கண்ணிலும் பிறை படவில்லை. நாங்கள் கைகோத்துக் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். ஆனால் நான் முகம் கழுவி முடிப்பதற்குள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னது, வேறெங்கோ பிறை கண்டுவிட்டார்களாம், விடிந்தால் நோன்பாம். நான் மேகம் கேட்டது கண்டக்குழிக்கு மட்டும். இலங்கை முழுவதுக்கும் கேட்டிருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலைப் பூசையில் நன்மை வாங்கினேன். அம்மா பழைய ஒழுங்குக்காரி, நன்மை வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவிடவில்லை. பூசை முடிந்ததும் சிஸ்டர்மார் பணிஸ் ரொட்டியும் சோடாவும் கொடுத்தார்கள். கோபத்தில் நான் அதைத் தொடவில்லை. கோயில் வாசலில் அவள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். பெருநாள் சட்டை போட்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"உம்மா சொன்னா, சின்னப் புள்ளகள் அரை நோம்பு பிடிச்சாலும் போதுமாம். பகல் லுஹர் பாங்கு வரைக்கும் பிடிச்சிட்டு உங்கட வீட்ட போய்த் தின்னட்டாம்."

"அப்ப வாவன்!"

"அரை நோம்பு பால் குடிக்கிற புள்ளகளுக்கு" என்றாள், கண் கலங்கி. "நானா என்னைச் சும்மா விடுவாரா?"

நான் அழவில்லை. யோசித்தேன். இன்றுவரை நான் செய்த யோசனைகளில் இதுதான் மிகச் சிறந்தது என்று எனக்கு எண்ணம்.

"நீ லுஹர் வரைக்கும் பிடி. மிச்ச அரைய நான் பிடிக்கிறன். ரெண்டும் சேர்ந்தா முழு நோம்பு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ பிடிச்சாச் சேருமா?"

"நான் இண்டைக்குத்தான் நன்மை வாங்கினனான். இண்டைக்கு நான் என்ன கேட்டாலும் கிடைக்கும் எண்டு சிஸ்டர் சொன்னவ. நான் கேக்கிறன், சேரும்."

இந்த நியாயத்தை அவள் அப்படியே ஏற்றுக்கொண்டாள். இப்போது புத்தளம் நகரில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக இருந்துகொண்டு, "நீதான் என்னை ஏமாத்தினாய்" என்று தொலைபேசியில் சண்டைக்கு வருகிறாள். அன்று அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொன்னதும் நோன்பு என் கைக்கு மாறியது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா துணியை அவிழ்த்து, புதுச் சட்டியிலிருந்து மஞ்சள் சோற்றுக்குமேல் சேவல் கால் ஒன்றை வைத்தாள். அவள் தின்றாள். அம்மாடி, என்ன தின்னல்! இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் விட்டுவைத்ததையெல்லாம் ஒரே இருப்பில் தின்று தீர்ப்பதுபோல் தின்றாள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். நெஞ்செலும்பைக்கூட விடவில்லை. என் சிநேகிதி என் வீட்டில் முதன்முதலாகச் சோறு தின்கிறாள், நான் வெறும் தட்டோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். சந்தோஷத்துக்கும் பசிக்கும் நடுவில் எனக்கு அழுகை வந்தது.

"ஏன்டி நீ சாப்பிடேல்ல?" என்று அம்மா கேட்டாள்.

"நான் நோம்பு."

தலையில் பூமுடியும் முகத்திரையுமாக, சுவாமி ஆசீர்வதித்த செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இப்படிச் சொன்னால் எப்படியிருக்கும்? பெரியம்மா நெற்றியில் சிலுவை போட்டாள். என் ஞானத்தாய் வாயில் வைத்த கட்லட்டைக் கையில் எடுத்துவிட்டாள். அம்மா என் காதைத் திருகக் கை நீட்டினாள். அப்பாதான் சிரித்துச் சிரித்துப் புரையேறி, "விடு, பிள்ளை பிடிச்சதை முடிக்கட்டும்" என்றார். இவ்வளவு அமளியிலும் என் சிநேகிதி எலும்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

பின்னேரம் அவள் எனக்குக் காவல். கேக் இருந்த அலுமாரிப் பக்கம்கூட விடவில்லை. "துப்பல முழுங்கலாம், தண்ணி ஏலாது. பொய் சொல்ல ஏலாது. கோபப்பட ஏலாது" என்று சட்டம் போட்டாள். தண்ணீர் இல்லாமல் இருந்துவிட்டேன். கடைசிச் சட்டம்தான் என்னைக் கொன்றது. வயிறு நிறையத் தின்றவள் ஏப்பம் விட்டுக்கொண்டு பொறுமையைப் பற்றிப் போதித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

நோன்பு துறக்கும் நேரம் அவள் என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெள்ளைச் சட்டையோடு போனேன். பாயில் கஞ்சிக் கோப்பைகளும் பேரீத்தம்பழமும் வைத்து எல்லோரும் பாங்குக்காகக் காத்திருந்தார்கள். அவள் நெஞ்சை நிமிர்த்தி நோன்பாளிகளின் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"எழும்பு, எழும்பு" என்றார் நானா. "பகல் சேவல்ட ரெண்டு காலும் தின்டதாம், ஊரே கதைக்குது."

"நான் அரை, இவ அரை. சேர்த்து முழு நோம்பு" என்றாள் அவள்.

நானா பாயில் விழுந்து புரண்டு சிரித்தார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வாப்பா மட்டும் சிரிக்காமல் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மகள், நீங்க எப்ப இரிந்து சாப்பிடல்ல?"

"நேத்து ராத்திரி இருந்து. காலமை நன்மை மட்டும் வாங்கினனான்."

"அல்லாஹ்வே, தண்ணியும் இல்லையா?" என்று உம்மா தலையில் கை வைத்தார். "விடியச் சஹர் சாப்பாடும் தின்னாம இந்தப் புள்ள முழு நாளும் பட்டினி கிடந்திரிக்கி!"

"அப்ப இந்த வீட்டுத் தலை நோம்ப பிடிச்சது கோயிலுக்குப் போன புள்ள!" என்று நானா கைதட்டினார்.

என் சிநேகிதியின் முகம் சுருங்கியது. அதுவரை பிடித்துவைத்திருந்த அழுகை வெடித்தது. அவள் அழுதது எனக்குத் தாங்கவில்லை. என் வீட்டில் சோறு தின்னும் சிநேகிதி வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதத்தில் அவளுடைய நோன்பு போய்விட்டது, அதுவும் என்னிடம் வந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

பாங்கு கேட்டது. வாப்பா தட்டிலிருந்து ஒரு பேரீத்தம்பழத்தை எடுத்து, நானாவுக்குக் கொடுக்காமல், தானும் தின்னாமல், என் கையில் வைத்தார். "நோம்பாளிக்கு முதல்ல" என்றார். நான் அவசரமாக வாய்க்குக் கொண்டுபோனேன். அவள் பாய்ந்து என் கையைப் பிடித்தாள்.

"துஆ ஓதாமத் திங்கிறியா?"

எனக்கு எங்கே நோன்பு துறக்கும் பிரார்த்தனை தெரியும்? அவளுக்குத் தெரியும். தன் தலை நோன்பை இந்தத் துஆவை ஓதித்தான் துறப்பேன் என்று எத்தனையோ நாளாக அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சினாள், கண்ணைத் துடைத்தாள். என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தபடி, ஒரு சொல்லும் விடாமல் எனக்காக ஓதி முடித்தாள். நானா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அவள் என் கையை விட்டாள்.

"இப்ப தின்னு" என்றாள். "அது என்ட நோம்பு. நல்லா மென்டு தின்னு."