மூன்றாவது சுற்றுக்குத் தள்ளி வைத்த பெயர்

தேவனுக்கு ஒரு பழக்கம். சொந்தக்காரர்களுக்கு எதையும் கடைசியில்தான் கொடுப்பான். கோயில் அன்னதானத்தில் பரிமாற நின்றால், ஊரார் இலையெல்லாம் நிறைந்த பிறகுதான் பெண்டாட்டி இலைப் பக்கமே வருவான். கேட்டால், "நம்மாளுங்கதானே, எங்க போயிடப் போறாங்க" என்பான். நல்ல மனுஷன்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்கிற எவருக்கும் பற்றிக்கொண்டு வரும்.

மலேசியாவின் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஈஜோக் பக்கம் அவர்கள் வேலை பார்த்த தோட்டம் விற்றுப்போய், லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனம் அடுக்குமாடிகளுக்குச் சிதறிப் பல வருஷமாயிற்று. இருந்தாலும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் முனியாண்டி கோயில் திடலில் பந்து விளையாட்டு மட்டும் நின்றதில்லை. தோட்டத்து டிவிஷனுக்கு ஒரு குழு என்றிருந்தது போய், யார் எந்த டிவிஷன் ஆள் என்பதே குழம்பிவிட்டதால், தேவன் உட்பட நான்கு குழுக்களின் மேனேஜர்களும் கோயில் கொட்டகையில் கூடி, முறை வைத்துப் பெயர் சொல்லி ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்வார்கள். பெயர் சொன்னவரே எழுந்துபோய் ஜெர்சியை மாட்டிவிட வேண்டும். முதல் சுற்றில் அழைக்கப்படுகிறவன்தான் குழுவுக்காக முனியாண்டிக்குத் தேங்காய் உடைப்பான். குடும்பமே நின்று பார்க்கும். கல்யாண மாலைமேல்கூட இத்தனை கண் விழாது.

இந்த வருஷம் தேவன் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த பெயர் அகிலன். தங்கச்சி அம்சவள்ளியின் ஒரே மகன், பத்தொன்பது வயது. போன வருஷம் செம்பனைக் குலை ஏற்றிய லோரி கவிழ்ந்து அவன் அப்பா போனபோது, சுடுகாட்டில் அவன் தோளைப் பிடித்து, "இனிமே ஒனக்கு எல்லாம் நாந்தான்டா" என்று சொன்னவன் தேவன். அதற்குப் பிறகு பையன் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தேவன்தான் விடாமல் பின்னால் திரிந்து, வேலை முடிந்த கையோடு அவனை ஈஜோக் திடலுக்கு இழுத்துக்கொண்டு போனான். ஏனோதானோ என்று ஓடிக்கொண்டிருந்தவன், இந்த இரண்டு மாதமாக அடிக்கிறான் பாருங்கள் கோல்! இடது காலால் ஒன்று, தலையால் ஒன்று. அவன் சிரித்ததையும் அந்தத் திடலில்தான் மறுபடி பார்த்தார்கள்.

ஆள் எடுப்பதற்கு முதல் நாள் அம்சவள்ளி அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, மொத ஆளா இவனக் கூப்பிட்டுரு. மாமா கையாலதான் ஜெர்சி போட்டுக்கணும்னு வாய் தெறந்து சொன்னான்ணே. அவன் ஒன்னு வேணும்னு கேட்டே எவ்ளோ நாளாச்சு."

தேவன் சிரித்தான். "ரெண்டு மாசமாத்தான் அடிக்கிறான். பெரிய ஆட்டத்துல நின்னு அடிப்பானான்னு யாருக்குத் தெரியும்? அவன் ஆடுறத வேற எந்த மேனேஜரும் பாக்கல லா. மூனாவது சுத்து வரைக்கும் எவன் தொடப்போறான்? மொதல்ல திருச்செல்வம், கோல் காக்க. அவன விட்டா கொத்திட்டுப் போயிருவானுங்க. அடுத்து தடுப்புக்கு ஒரு ஆளு. அப்புறம் நம்ம புள்ள. மூனு பேரும் நமக்கே."

"நான் ஆட்டத்தக் கேக்கலண்ணே."

"நம்ம பையன்தானே, எங்க போயிடப் போறான்."

கணக்கில் ஓட்டை இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மறுநாள் காலை சீட்டுக் குலுக்கியதில் முதல் முறை தேவனுக்கே விழுந்தது. அகிலன் அம்மா பக்கத்தில் நின்றிருந்தான். தலையைப் படிய வாரி, ஜெர்சி மாட்ட வசதியாகச் சட்டையின் மேல் பித்தான்களைக் கழற்றி வைத்திருந்தான். தேவன் எழுந்து, "திருச்செல்வம்" என்றான். பையன் பித்தான்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டான். தேவன் அவனைப் பார்த்துப் பொறு என்று கையைக் காட்டினான். அதை அவன் பார்த்தானா என்று தெரியவில்லை.

இரண்டாம் சுற்றில் தேவன் தடுப்பாட்டக்காரனை எடுத்து உட்கார்ந்தான். அடுத்த முறை நல்லசாமிக்கு. அகிலனின் அப்பாவோடு ஒரே குழுவில் ஆடிய பெரியவர், இப்போது இன்னொரு குழுவின் மேனேஜர். அவர் கூட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அகிலன்" என்றார்.

தேவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே, அவன் ஆட்டத்த நீங்க பாத்ததே இல்லியே."

"பாக்கலப்பா. தகப்பனில்லாத புள்ள அப்பிடி நிக்கிறது எனக்கு மனசு கேக்கல."

"நம்ம பையன்ணே. அடுத்த சுத்துல நான் கூப்பிடறதா இருந்தேன்."

"ஒன் பையன்னா மொதல்ல கூப்பிட்டிருக்கணும் தம்பி."

நல்லசாமி அகிலனுக்கு ஜெர்சியை மாட்டி, காலரைச் சரி செய்தார். அம்சவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்டத்துக்காக யார் யாரை எடுப்பார்கள் என்று கணக்குப் போட்ட தேவன், ஒருத்தன் மனசுக்காகப் பெயர் சொல்லுவான் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. பாவி, அவனே அதைச் செய்திருக்க வேண்டியவன்.

அன்று மாலை அகிலன் இரண்டு கோல் அடித்தான். இரண்டும் தேவன் குழுவுக்கு எதிராகத்தான், அந்தத் திருச்செல்வத்தைத் தாண்டி. இரண்டு தடவையும் தேவனின் கை தன்னையறியாமல் தட்ட எழுந்து, பாதியில் இறங்கியது.

ஆட்டம் முடிந்ததும், தங்களை அழைத்தவர் காலில் விழுந்து எழுவது வழக்கம். அகிலன் நல்லசாமி காலில் விழுந்தான். அவர் அவனைத் தூக்கி, "போய் அவரையும் பாருய்யா" என்று தேவன் பக்கம் திருப்பி அனுப்பினார்.

பையன் வியர்வையோடு வந்தான். தேவன், "டேய், ஒன்ன விட்டுட்டேன்னு நெனைக்காதடா. ஒன்ன யாரும் எடுக்க மாட்டாங்கன்னுதான்..." என்று ஆரம்பித்தவன், சொன்னது எப்படிப்பட்ட வார்த்தை என்று தெரிந்து பாதியில் நிறுத்திக்கொண்டான். அணைத்துக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினான்.

அகிலன் வலது கையை மட்டும் நீட்டினான். "பரவால்ல அங்கிள். குட் கேம்."

ஊரில் கண்டவரையெல்லாம் அங்கிள் என்கிற பிள்ளைகள்தான். தாய்மாமனை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. தேவன் நீட்டிய கைகளில் ஒன்றைத் தாழ்த்திக்கொண்டு, தங்கச்சி மகனோடு கை குலுக்கினான்.